பனிக்கு யார் கியாரண்டி?

“பரீட்சை முடிஞ்சதும் எல்லாருமா பனி பார்க்கப் போறோம்” என்று நான் அறிவித்தபோது, அம்மா முறத்திலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

“பனை பாக்க எதுக்குல டிக்கெட் எடுக்கணும்? தேரிக்காட்டுப் பக்கம் நடந்தா ஆயிரம் நிக்கே!”

“பனை இல்லம்மா... பனி! காஷ்மீர்ல இருக்குமே, வெள்ளையா, மலை மேல...”

“வெள்ளையாவா? அதான் அளத்துல மலை மலையாக் குவிச்சி வச்சிருக்கானே. அது காணாதா?”

அம்மா சொன்னதில் தப்பில்லை. எங்கள் ஆறுமுகநேரிக்கு வந்திருக்கிறீர்களோ? திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகிற ரயிலில், காயல்பட்டினத்துக்கு முந்தைய ஸ்டேஷன். உப்பளத்துப் பக்கம் உச்சி வெயிலில் கண்ணைத் திறக்க முடியாது. பாத்தியும் வெள்ளை, வரப்பும் வெள்ளை, அம்பாரமும் வெள்ளை. வெளியூரிலிருந்து வருகிற நண்பர்கள் “அப்படியே ஸ்விட்சர்லாந்து மாதிரி இருக்கு ஸார்!” என்பார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு ஐந்து நிமிஷம் நின்றால், ஸ்விட்சர்லாந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது காலுக்குத் தெரிந்துவிடும்.

அந்த வெள்ளையில் 43 வருஷம் நின்றவர் என் அப்பா. உப்பு வாருகிற பலகையைப் பிடித்துப் பிடித்து விரல்கள் இன்றைக்கும் முழுசாக நிமிராது. ஹைட்ராமீட்டர் கருவி இல்லாமலே, பாத்தித் தண்ணீரைக் கையில் அள்ளிப் பார்த்து ‘இன்னும் ரெண்டு நாள் காயணும்’ என்று சொல்லிவிடுவார். 25 டிகிரி போமே வந்தால்தான் உப்பு விழும் என்று நான் புஸ்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். அவருக்கு அது உள்ளங்கையில் இருந்தது.

வாழ்க்கையில் எதுவும் கேட்காத மனுஷர், ஒரு நாள் டி.வி.யில் ஏதோ பாட்டு. கதாநாயகி பனியை அள்ளி அள்ளி வீசுகிறாள். அப்பா கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“ஏய்யா... அம்புட்டும் தண்ணிதானா? கரிக்கவே கரிக்காதா?”

அவ்வளவுதான் கேட்டார். மறுபடி அதைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் எனக்கு அது கடன் சீட்டில் எழுதிய மாதிரி மனசில் நின்றுவிட்டது. மூன்று வருஷம் சீட்டுக் கட்டி, எடுத்து, 2024-ல் ‘போயே தீருவது’ என்று முடிவு செய்தேன்.

போவது சரி. எங்கே?

சிக்கல் மாதத்தில் இருந்தது. பனி பார்க்கிறவர்கள் ஜனவரி, பிப்ரவரியில் போவார்கள். என் மகள் எட்டாம் வகுப்பு, பையன் ஐந்து. அந்த வருஷம் பார்லிமென்ட் தேர்தல் வேறு குறுக்கே வந்து, பரீட்சை முடியவே ஏப்ரல் 23 ஆகிவிட்டது. அதாவது, பந்தி முடிந்து இலை எடுக்கிற நேரத்தில்தான் நாங்கள் சாப்பிடவே போகிறோம்! பாயசம் மிச்சமிருக்கிற வீடு எது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டாமா?

யோசனை சொல்ல ஊரில் ஆளா இல்லை? முதலில் துபாயிலிருந்து என் மச்சினன் போனில் வந்தான். “அத்தான், எதுக்குக் கஷ்டப்படுறீங்க? இங்க வாங்க. மால் உள்ளயே பனிச்சறுக்கு. 2005-லேர்ந்து நடக்குது. வெளில 40 டிகிரி, உள்ள மைனஸ். 365 நாளும் கியாரண்டி!”

கியாரண்டி என்று பார்த்தால் அவன் சொன்னதுதான் உலகத்திலேயே உசத்தி. ஆனால் அப்பாவிடம் சொன்னபோது, “ஐஸ் ஃபேக்டரியா? தூத்துக்குடி ஹார்பர்லயே இருக்கே, மீனுக்குப் போட” என்றார். கேஸ் தள்ளுபடி.

அடுத்து ஒரு டிராவல்ஸ்காரர். பெயர் வேண்டாம், பாவம், பிழைத்துப் போகட்டும். பெரிய ஆல்பம் ஒன்றைத் திறந்து வைத்தார். பக்கத்துக்குப் பக்கம் பனி. பைன் மரங்களெல்லாம் பஞ்சு மூட்டை சுமந்தது மாதிரி நிற்கின்றன.

“ஏப்ரல் கடைசியில இப்படி இருக்குமா ஸார்?”

“கியாரண்டி ஸார்!”

“இந்த போட்டோ எப்ப எடுத்தது?”

“அது... ஜனவரி.”

“ஏப்ரல்ல எடுத்தது ஒண்ணு காட்டுங்களேன்.”

மனுஷர் எனக்கு டீ சொல்லிவிட்டு உள்ளே போனவர், டீ ஆறி முடிந்தும் வரவில்லை.

பி.காம். படித்தவனுக்கு எதையும் பற்று - வரவு போட்டுத்தான் பார்க்கத் தெரியும். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். அட்டையில் ‘பனி’ என்று எழுதினேன். என் மனைவி அதைப் பார்த்து, “‘பணி’ன்னு எழுதி வேலை தேடியிருந்தா இந்நேரம் புண்ணியமாப் போயிருக்கும்” என்றாள். ஃப்ரீலான்ஸ் எழுத்தாளன் வீட்டில் இதெல்லாம் சகஜம்.

பனிக்குக் கியாரண்டி என்றால் என்ன அர்த்தம் என்று ஐரோப்பாக்காரர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஸ்விட்சர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் போட்ட கணக்கு அது. டிசம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரையில், குறைந்தது 100 நாளாவது 30 சென்டிமீட்டர் பனி தரையில் கிடக்க வேண்டும். அதுவும் ஒரு வருஷம் கிடந்தால் போதாது. பத்துக் குளிர்காலத்தில் ஏழிலாவது கிடக்க வேண்டும். அப்போதுதான் அந்த ஊரை நம்பலாம். பாங்க்கில் கடன் கேட்டால் மூன்று வருஷ பாலன்ஸ் ஷீட் கேட்கிறார்களே, அதே கதை. ஒரு வருஷ லாபத்தைக் காட்டி ஏமாற்ற முடியாது. ஆல்ப்ஸ் மலையில் 666 பனிச்சறுக்குத் தலங்களை இந்தத் தராசில் நிறுத்துப் பார்த்து 2007-ல் ஓ.ஈ.சி.டி. ஒரு அறிக்கை வெளியிட்டது. 609 தேறின. பூமி இரண்டு டிகிரி சூடானால் 404-தான் தேறும், நான்கு டிகிரி சூடானால் 202-தான் என்று அதே அறிக்கையில் இருந்தது. அங்கேயே அப்படி!

அந்தக் கணக்கும் ஏப்ரல் 15-ந் தேதியோடு முடிந்துவிடுகிறது என்பதைக் கவனித்தீர்களா? எங்களுக்குப் பரீட்சையே 23-ந் தேதிதான் முடிகிறது!

நோட்டில் முதலில் எழுதிக்கொண்டது, ‘உயரம்’. ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி வெப்பம் குறையும். உயரம் இருந்தால் பனி என்று நினைத்துவிடக் கூடாது. நம் ஊட்டி தொட்டபெட்டா 2,637 மீட்டர். காஷ்மீர் குல்மார்க் 2,650 மீட்டர். வித்தியாசம் ஒரு தென்னை மரத்து உயரம்தான். இங்கே விடிகாலையில் புல் மேல் உறைபனி படிகிறது, அங்கே ஆள் உயரத்துக்குப் பனி கொட்டுகிறது. தொட்டபெட்டா பதினொன்றாவது அட்சரேகைப் பக்கம், குல்மார்க் முப்பத்து நான்கு. எவ்வளவு வடக்கே என்பதும் கணக்கில் சேர வேண்டும்.

அடுத்தது, சரிவு எந்தத் திசையைப் பார்க்கிறது என்பது. வடக்குப் பார்த்த சரிவில் வெயில் சாய்ந்துதான் விழும். அங்கே விழுந்த பனி, தெற்குப் பார்த்த சரிவில் விழுந்தது தண்ணீராகி ஓடின பிறகும் கிடக்கும். வாஸ்து பார்த்து வீடு கட்டுகிற நமக்கு இதை விளக்கவே வேண்டாம்.

மூன்றாவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. எப்போது விழுந்த பனி? காஷ்மீரில் டிசம்பர் 21-ல் தொடங்கி ஜனவரிக் கடைசி வரை 40 நாளுக்கு ‘சில்லை கலான்’ என்று பெயர். பெரிய குளிர். அதற்குப் பிறகு 20 நாள் சின்னக் குளிர், பிறகு 10 நாள் குட்டிக் குளிர். நம் அக்னி நட்சத்திரத்துக்கு மூன்று தவணை வைத்த மாதிரி! பெரிய குளிரில் விழுகிற பனி இறுகி உட்கார்ந்துவிடும், கோடை வரை தாங்கும். மார்ச்சில் எவ்வளவு கொட்டினாலும் அது வந்த விருந்தாளி, தங்காது. இந்தப் பனியைக் கொண்டுவருவது மத்தியதரைக் கடல் பக்கமிருந்து கிளம்பி வருகிற மேற்கத்திய காற்றுச் சலனங்கள். நமக்கு வடகிழக்குப் பருவமழை எப்படியோ, அவர்களுக்கு இது அப்படி. வந்தால் வரும், வராவிட்டால் வானத்தைப் பார்க்க வேண்டியதுதான்.

இத்தனையும் எழுதிக்கொண்டு ஊர் ஊராக வெட்ட ஆரம்பித்தேன்.

உத்தராகண்டில் ஆலி. அருமையான சரிவு. 2011-ல் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுப் போட்டிகளே நடந்த இடம். அந்தப் போட்டிக்காகச் செயற்கைப் பனி மெஷின்கூட வைத்தார்கள். மெஷின் வைக்க வேண்டி வந்தது என்றாலே விஷயம் புரிகிறதல்லவா? உச்சியே 3,050 மீட்டர்தான். ஏப்ரல் கடைசிக்குள் பெரும்பாலும் புல் முளைத்துவிடும். தவிர, அடிவாரத்து ஜோஷிமட்டில் 2023 ஜனவரியில் மண் உள்வாங்கி வீடுகள் விரிசல் விட்டபோது ரோப்காரையும் நிறுத்திவிட்டார்கள். வெட்டு.

மணாலி. ‘ரோஜா’ படத்தில் காஷ்மீர் என்று நாம் கைதட்டிப் பார்த்ததில் பெரும்பகுதி மணாலிப் பக்கம் எடுத்ததுதான். பக்கத்து சோலாங் பள்ளத்தாக்கு சுமார் 2,500 மீட்டர். ஏப்ரல் கடைசியில் அங்கே கோட்டும் பூட்ஸும் வாடகைக்குத் தாராளமாகக் கிடைக்கும். போட்டுக்கொண்டு நிற்கப் பனிதான் இருக்காது! என் நண்பன் ஒருவன் ஒரு மே மாதத்தில் போய், முழுக் குடும்பமும் அந்தக் கோட்டை மாட்டிக்கொண்டு, கோழிக் கூண்டு அளவுக்குக் கிடந்த ஒரே ஒரு அழுக்குப் பனித் திட்டைச் சுற்றி நின்று எடுத்த போட்டோ இன்னும் அவன் வீட்டு ஹாலில் இருக்கிறது. ரோதங் கணவாய் 3,978 மீட்டர், அங்கே பனி நிச்சயம். ஆனால் பாதையைப் பனி வெட்டித் திறப்பது பெரும்பாலும் மே மாதத்தில்தான், வண்டிக்கு பெர்மிட்டும் வேண்டும். 2020 அக்டோபரில் அடல் சுரங்கப்பாதை திறந்த பிறகு ஒன்பது கிலோமீட்டரில் மலைக்கு அந்தப்புறம் லாஹௌலுக்குப் போய்விடலாம். சுமார் 3,100 மீட்டர் உயரத்தில் சாலையோரமே பனி கிடக்க வாய்ப்புண்டு. இதை வெட்டாமல், பக்கத்தில் கேள்விக்குறி போட்டு வைத்தேன்.

வடக்கு சிக்கிமில் ‘ஜீரோ பாயின்ட்’. 4,600 மீட்டருக்கு மேல். பனிக்குக் குறைவில்லை. ஆனால் 2023 அக்டோபரில் மலைமேல் ஏரி உடைந்து தீஸ்தாவில் வெள்ளம் வந்து பாலங்களையும் ரோட்டையும் அடித்துக்கொண்டு போயிருந்தது. வெட்டு.

மிஞ்சியது குல்மார்க்.

அதன் பாலன்ஸ் ஷீட்டும் சுத்தமில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். நான் நோட்டுப் போட்டுக்கொண்டிருந்த அதே 2024 ஜனவரியில், சில்லை கலான் நடுவில், குல்மார்க் மைதானம் காய்ந்த புல்லோடு கிடந்தது. பேப்பரில் படம் போட்டிருந்தார்கள். மாதக் கடைசியில்தான் பனி எட்டிப் பார்த்தது. (அடுத்த வருஷமும் அதே கூத்துதான். 2025 பிப்ரவரியில் நடக்க வேண்டிய ‘கேலோ இந்தியா’ குளிர்கால விளையாட்டுகளைப் பனியில்லை என்று தள்ளி வைத்து, மார்ச் 9-ல்தான் ஆரம்பித்தார்கள்.) ஒலிம்பிக்ஸே தப்பவில்லை ஸார்! 2022-ல் பீஜிங் குளிர்கால ஒலிம்பிக்ஸ் கிட்டத்தட்ட முழுக்க முழுக்க மெஷின் பனியில்தான் நடந்தது. அதற்கு இந்தியாவிலிருந்து போன ஒரே வீரர் ஆரிஃப் கான், குல்மார்க் பக்கத்துக்காரர்.

அப்படியிருந்தும் குல்மார்க்கை நான் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் அங்கே இருக்கிற ‘கோண்டோலா’ என்கிற ரோப்கார். கீழே மைதானம் 2,650 மீட்டர். முதல் கட்டத்தில் ஏறி இறங்கினால் கோங்டூரி, சுமார் 3,080. இரண்டாம் கட்டம் அஃபர்வட் மலைத் தோள், 3,900-க்கும் மேல். மூன்று மாடி வீடு மாதிரி. கீழ் வீட்டில் பனி இல்லையென்றால் மாடிக்குப் போ, அங்கேயும் இல்லையென்றால் மொட்டைமாடிக்குப் போ. ஏப்ரல் கடைசியில் மொட்டைமாடி ஏமாற்றுவது அபூர்வம். பனிக்குக் கியாரண்டி ஊர் பெயரில் இல்லை. நாம் படுக்கிற இடத்துக்கு மேலே இன்னும் எவ்வளவு உயரம் பாக்கி இருக்கிறது, அதில் ஏற வழி இருக்கிறதா என்பதில்தான் இருக்கிறது. பல நாள் கூட்டிக் கழித்து எனக்குக் கிடைத்த விடை இது. பெருமையாக நோட்டை மூடினேன்.

மூடின நோட்டை டாக்டர் திறக்க வைத்தார்.

அப்பாவுக்கு 71 வயது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இருதயத்தில் ஸ்டென்ட் வைத்தது. திருநெல்வேலியில் செக்கப்புக்குப் போனபோது விஷயத்தைச் சொன்னேன். டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். டாக்டர்கள் கண்ணாடியைக் கழற்றினால் நல்ல செய்தி வராது.

“எத்தனை மீட்டர்?”

“மேல வரைக்கும் போனா 3,900 ஸார்.”

“உங்க ஊர் கடல் மட்டம். அங்க மூச்சுல நூறு ரூபா ஆக்ஸிஜன் கிடைக்குதுன்னு வையுங்க. நாலாயிரம் மீட்டர்ல அறுபது ரூபாதான். அதுவும் ரோப்கார்ல இருபது, இருபத்தஞ்சு நிமிஷத்துல கொண்டு போய் விட்டுருவான். உடம்புக்குப் பழகவே நேரம் இருக்காது. இவருக்கு அது வேண்டாம்.”

“கீழ, 2,650-ல?”

“எழுபத்து மூணு ரூபா. ரெண்டு நாள் ஸ்ரீநகர்ல தங்கிட்டு மெதுவா ஏறினா பார்க்கலாம். 3,000-க்கு ஒரு மணி நேரம் போய்ட்டு வரலாம், மூச்சு வாங்கினா உடனே இறக்கிரணும். அதுக்கு மேல நோ.”

நிலைமையைப் பாருங்கள். பனி கியாரண்டியாக இருக்கிற இடத்தில் அப்பாவுக்குக் கியாரண்டி இல்லை. அப்பாவுக்குக் கியாரண்டி இருக்கிற இடத்தில் பனிக்கு இல்லை! அவருக்காகத்தான் இந்தப் பயணமே. பஸ்ஸில் வரும்போது நான் பேசவில்லை. அப்பாதான் பேசினார்.

“நீங்க எல்லாரும் மேல போய்ப் பாருங்க. நான் கீழ நிக்கேன். நீ வந்து சொன்னாப் போதும்.”

அன்று ராத்திரி நோட்டில் வேறு கணக்கு எழுதினேன். எல்லாருக்கும் ஒரே உயரம் என்று இல்லாமல், அப்பாவின் 3,080-ஐ முதலில் எழுதி, அதற்குள் பனி கிடைக்க என்னவெல்லாம் வழி என்று பார்த்தேன். கோங்டூரி ஒரு கிண்ணம் மாதிரி, மேலிருந்து சரிகிற பனியும் அங்கே சேரும். அங்கே இல்லாவிட்டால் சோனமார்க்கில் தாஜிவாஸ். அதுவும் மூவாயிரம் மீட்டரை ஒட்டித்தான், மலை இடுக்குகளில் சரிந்து குவிந்த பனி கோடையிலும் கிடக்கும், மட்டக்குதிரையில் போகலாம். இரண்டுக்கும் ஸ்ரீநகரிலிருந்தே போய் வரலாம். ஸ்ரீநகர் 1,585 மீட்டர்தான், அப்பாவின் மூச்சுக்குப் பிரச்னை இல்லை. லாஹௌல் கேள்விக்குறியை அடித்தேன். அங்கே ஏமாந்தால் பக்கத்தில் வேறு கதவு இல்லை. ஸ்ரீநகரில் இரண்டு கதவு.

எங்கள் பயணத்துக்கு மறு வருஷம், 2025 ஏப்ரல் 22-ல், பஹல்காமில் 26 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். அதன் பிறகு பல சுற்றுலா இடங்களைக் கொஞ்ச காலம் மூடி வைத்திருந்தார்கள். இப்போது போகிறவர்கள் பனியை விசாரிக்கும் முன்னால் எந்த இடம் திறந்திருக்கிறது என்று விசாரித்துக்கொள்வது நல்லது. கோண்டோலா டிக்கெட்டும் முன்கூட்டியே ஆன்லைனில் எடுக்க வேண்டும். நேரில் போய் நின்றுகொள்ளலாம் என்று நினைத்தால் மைதானத்துப் புல்லைப் பார்த்துவிட்டு வரவேண்டியதுதான்.

அம்மா வரவில்லை. “ஆட்டை யாரு பாப்பா?” என்று கேட்டாள். ஏப்ரல் 19-ல் ஓட்டுப் போட்ட மை விரலில் காயும் முன்னால் நாங்கள் ஐந்து பேரும் கிளம்பினோம்.

குல்மார்க் மைதானத்தில் இறங்கியபோது எனக்கு நெஞ்சே நின்றுவிட்டது. பச்சை. எங்கே பார்த்தாலும் பச்சை. பையன், “அப்பா, இது ஃபுட்பால் கிரவுண்டுப்பா” என்றான். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அது சொல்வதைவிட மோசம்.

ரோப்கார் பத்து நிமிஷம். பைன் மரங்களுக்கு நடுவே முதலில் ஒரு திட்டு தெரிந்தது. பிறகு இரண்டு. பிறகு பச்சை குறைந்துகொண்டே வந்து, கோங்டூரியில் கதவு திறந்ததும், பனி!

ஆல்பத்துப் பனி இல்லை. மேலே சாம்பல் நிறம், மண்ணும் பைன் முட்களும் அப்பி, பழைய வேஷ்டி மாதிரிக் கிடந்தது. டிராவல்ஸ்காரரின் டீ ஞாபகம் வந்தது. அப்பா குனிந்து பார்த்தார். வாடகை பூட்ஸின் குதிகாலால் ஒரே இழுப்பு இழுத்தார். உப்பு வாருகிறவரின் கால் இழுப்பு. மேல் அழுக்கு விலகி, உள்ளே பளிச்சென்று வெள்ளை.

“பழைய அம்பாரம் இப்படித்தான் இருக்கும். உள்ள சுத்தமாத்தான் கிடக்கும்” என்றார். ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டார். கொஞ்ச நேரம் முகத்தை அப்படியே வைத்திருந்தார்.

“ஆமா. கரிக்கல.”

புதுப் பனி தன் மேல் விழுகிற வெளிச்சத்தில் எண்பது, தொண்ணூறு சதவிகிதத்தைத் திருப்பி அடித்துவிடும், கண் கெடும் என்று படித்திருந்ததால் எல்லாருக்கும் கறுப்புக் கண்ணாடி வாடகைக்கு எடுத்திருந்தேன். அப்பா போட்டுக்கொண்டு பார்த்தார், கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார். “இது அப்பவே இருந்திருந்தா...” என்று ஆரம்பித்து, முடிக்காமல் விட்டார். 43 வருஷம் உப்பளத்தில் வெறுங்கண்ணோடு நின்றவர். இரண்டு கண்ணிலும் ஆபரேஷன் ஆகியிருக்கிறது.

மகள் சறுக்குப் பலகை கட்டிக்கொண்டு பத்து அடி போய் விழுந்தாள். எழுந்தாள். பன்னிரண்டு அடி போய் விழுந்தாள். சீசன் கடைசியில் பனி காலையில் கல்லாக இருக்கும், பகல் ஏற ஏறக் கூழாகிவிடும். நடுவில் ஒரு இரண்டு மணி நேரம்தான் பதம். எங்களுக்கு அந்தப் பதம் கிடைத்தது. பிறகு மனைவியும் பிள்ளைகளும் இரண்டாம் கட்டத்துக்கு ஏறினார்கள். நான் அப்பாவோடு நின்றுகொண்டேன்.

அப்போது ஒருவர் மரத்தில் செய்த சறுக்கு வண்டியை இழுத்துக்கொண்டு வந்தார். ஐம்பது வயசிருக்கும். அப்பாவைப் பார்த்து, “சாச்சா, உட்காருங்கள், சுற்றிக் காட்டுகிறேன்” என்றார் இந்தியில். ‘சாச்சா’ என்பது காயல்பட்டினத்து நண்பர்கள் வீட்டில் கேட்டுப் பழகிய வார்த்தை. அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் வண்டியையும் கயிற்றையும் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது.

“யாரு இழுப்பா?”

“அவர்தான்ப்பா.”

“மனுசன் இழுக்க நான் உக்கார மாட்டேன்.”

“அப்பா, அது அவர் தொழில்...”

“அளத்துல நானும் இழுத்திருக்கேன். தெரியும்ல எனக்கு.”

அந்த மனிதருக்கு விஷயம் புரியவில்லை. விலை அதிகம் என்று நினைத்துக்கொண்டு குறைத்தார். மறுபடி குறைத்தார். என் அரைகுறை இந்தியில் விளக்கினேன். ‘நமக்’ என்ற வார்த்தை தெரிந்தது நல்லதாய்ப் போயிற்று. அப்பாவின் கையை வாங்கி விரலைப் பார்த்தார். விரலில் மையையும் பார்த்து, எங்களுக்கு மே 20-ல்தான் ஓட்டு என்றார். பிறகு தன் கதையைச் சொன்னார். ஜனவரி முழுக்கப் பனியில்லை. வண்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்திருந்தாராம். வந்தவர்களெல்லாம் புல்லைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்களாம்.

நான் மொழிபெயர்த்தேன். அப்பா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, “நம்ம கதையச் சொல்லு” என்றார்.

சொன்னேன். அதே குளிர்காலம். 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. எங்கள் பக்கத்தில் ஒரு முழு வருஷத்துக்குப் பெய்வதைவிட அதிகம். செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோய், பயணிகள் தண்ணீருக்கு நடுவில் மாட்டிக்கொண்டார்கள். பனையோலையும் தார்ப்பாயும் போட்டு மூடி வைத்திருந்த உப்பு அம்பாரங்கள் கரைந்து போயின. பாத்தியெல்லாம் சேறு. ஜனவரியில் தொடங்க வேண்டிய வேலை எப்போது தொடங்கும் என்று தெரியாமல், அளத்துக்குப் போகிற சனம் வீட்டில் உட்கார்ந்திருந்தது. அவர் வண்டியைச் சாய்த்து வைத்திருந்த அதே ஜனவரி.

“இவருக்கு மேலேர்ந்து விழாம போச்சு. நமக்கு விழுந்து போச்சு” என்றார் அப்பா. இதை இந்தியில் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. சொல்லாமலே அந்த மனிதர் தலையாட்டினார்.

மழை இல்லாத மாதத்தில் என்ன வேலை செய்வீர்கள் என்று அவர் கேட்டார். மழைக் காலத்தில்தான் எங்களுக்கு வேலை இல்லை என்று அப்பா திருத்தினார். பனி இல்லாத மாதத்தில் என்ன செய்வீர்கள் என்று அப்பா கேட்டார். கொஞ்சம் குதிரை, கொஞ்சம் ஆப்பிள் தோட்டக் கூலி. இரண்டு பேரும் மெதுவாகப் பனியின் விளிம்போடு நடந்தார்கள். அவர் ஒரு கையில் காலி வண்டியின் கயிறு, மறு கையில் அப்பாவின் முழங்கை. நான் பின்னால் நடந்தேன். ஒரு மணி நேரம் ஆனதும் டாக்டர் ஞாபகம் வந்து, அப்பாவைக் கீழே இறங்கக் கூப்பிட்டேன்.

“முழுக் கூலி குடு. பேரம் பேசாத” என்றார்.

கொடுத்தேன். அவர் முதலில் சொன்ன தொகை.

ஊருக்கு வந்து நோட்டில் செலவெல்லாம் எழுதிக்கொண்டிருந்தேன். ரயில், விமானம், ரூம், கோண்டோலா, பூட்ஸ், கண்ணாடி. மனைவி எட்டிப் பார்த்துவிட்டு ஒரு வரியில் விரலை வைத்தாள்.

“சறுக்கு வண்டி, அப்பா ஏறாததற்கு, ரூ. 600. இது என்னங்க? இதை எந்தத் தலைப்புல சேப்பீங்க?”

பி.காமில் இதைச் சொல்லித்தரவில்லை. இன்னும் தலைப்பில்லாமல்தான் கிடக்கிறது.